துடைத்து எடு

ஜூன் 12, 2023, திங்கள்

பால் திரிந்துவிட்டது. பால் இல்லாத காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பெருங்குடி சிக்னலில் நாற்பது நிமிடம்.

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் செய்தி வந்திருந்தது. தேனியில் ஒரு பஸ் கண்டக்டர், வயது நாற்பத்து மூன்று, சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். முடிவைக் கைப்பேசியில் திறந்தால் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே ‘குறிப்பு’ என்ற இடத்தில், ‘திசுவில் புற்றணுக்கள் தென்படுகின்றன, உடனே மருத்துவரைப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. யாரோ ஒரு பெண்ணுக்குப் போக வேண்டிய வரி. மூன்று நாள் மனிதர் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான்காம் நாள் மதுரையில் ஒரு மருத்துவர், சர்க்கரைச் சோதனையில் திசு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்.

அவர் ரத்தம் கொடுத்தது ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனை நிறுவனத்தில். அவர்களுடைய முடிவுகளை நோயாளிகளின் கைப்பேசிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள் எங்களுடையது. சி மொழியில் எழுதியது. பாதிக்கு மேல் நான் எழுதியது. இதை யாரும் சொல்வதில்லை.

வில்வநாதன் அவனுடைய கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். வைஸ் பிரசிடென்ட். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“சோமு, இது மெமரி சமாச்சாரம். உன்னை விட்டா இங்க யாருக்கும் புரியாது. இந்த வாரத்துக்குள்ள யார் எழுதின வரின்னு எனக்குத் தெரியணும்.”

“என்ன தப்புன்னு வேண்டாமா? யாருன்னு மட்டும் போதுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானேடா.”

இருபத்தாறு வருடத்தில் அவனுக்கு என் அறிவு தேவைப்படுவது குப்பை அள்ளும்போது மட்டும்தான்.

ஜூன் 13, செவ்வாய்

பிழை என்ன வகை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எங்கே என்பதற்குத்தான் நாள் ஆகும்.

சர்வருக்கு ஒரு கோரிக்கை வந்தவுடன் நினைவகத்தில் அதற்கென்று ஒரு குளம் திறக்கும். வேண்டிய துண்டுகளை எல்லாம் அந்தக் குளத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை மட்டும் தனியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. வேலை முடிந்ததும் குளம் மொத்தமாகத் திரும்பிப் போகும். அதே இடம் அடுத்த ஆளுக்குக் கிடைக்கும். எடுப்பதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. ஒன்று இடத்தை இருக்கிறபடியே தரும். மற்றொன்று முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பிச் சுத்தமாகத் தரும். இங்கே ‘எடு’, ‘துடைத்து எடு’ என்று எழுதிக்கொள்கிறேன். முதலாவது வேகம். இரண்டாவது தாமதம். எடுத்த இடம் முழுவதையும் உடனே நிரப்பப் போகிறோம் என்றால் ‘எடு’ போதும். ஏதாவது ஒரு மூலை காலியாக இருந்துவிடலாம் என்றால் ‘துடைத்து எடு’தான். ஒருவனுக்கு சி தெரியுமா தெரியாதா என்பதை இந்த ஒரு தேர்வில் பார்த்துவிடலாம்.

பெனிட்டா இதைப் பரிசோதனை நிறுவனத்துக்காரர்களுக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பெண். இருபத்தொன்பது வயது. எனக்கு டீம் லீடர். இதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

“லாட்ஜ்ல ரூம் குடுக்கான்னு வைங்க சார். முன்ன இருந்தவர் போனதும் பெருக்காம அப்படியே அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டான். மேஜை டிராயர இழுத்தா அவரோட சீட்டு கெடக்கு. அதான் நடந்திருக்கு.”

நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் லாட்ஜ்காரனுக்கு வேகம் என்ற பிரச்சினை கிடையாது. எங்களுக்கு உண்டு. 2015இல் இந்த சர்வரின் வேகத்தை மூன்று சதவீதம் கூட்டியவன் நான். அதை வில்வநாதன் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் தன் ஸ்லைடில் போட்டுக் காட்டினான். ‘எங்கள் குழு’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘நான்’ என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் முதல் வரியாக எழுதிக்கொடுத்து வருகிறேன்: 2015 வேக உயர்வு, என்னுடையது. எட்டுப் படிவங்கள். ஒருவரும் ஒரு பதில் எழுதியதில்லை.

ஜூன் 14, புதன்

சிலிண்டர் வந்தது. வசுமதிக்குப் போன் செய்தேன். கோயிலில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாள். திருச்சியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வைத்தியம். ஐந்து மாதம் ஆகிறது.

ஜூன் 16, வெள்ளி

கிடைத்துவிட்டது.

பிப்ரவரியில் ‘குறிப்பு’ என்ற புதிய இடத்தைச் சேர்த்திருக்கிறார்கள். செய்தது பெனிட்டா, அவசரப்படுத்தியது வில்வநாதன். மருத்துவர் குறிப்பு எழுதியிருந்தால் அந்த இடம் நிரம்பும். எழுதாவிட்டால் தொடாமல் விட்டுவிடும். அப்போது அங்கே முந்தைய நோயாளியின் குறிப்பு கிடக்கும். அந்தப் படிவம் முழுவதற்கும் நினைவகம் வாங்கும் வரியில் இருப்பது ‘எடு’. ‘துடைத்து எடு’ இல்லை.

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு ‘பிளேம்’, அதாவது பழி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வில்வநாதன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். 2015இல் அவனும் இந்தக் கோப்பில் கை வைத்திருக்கிறான்.

மங்கையர்க்கரசி, 11 ஆகஸ்ட் 2015.

மங்கை எங்களிடம் நான்கு வருடம் இருந்தாள். 2016இல் போய்விட்டாள். ஏன் போனாள் என்று தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்தமாகக் குறித்து வைக்கிறேன். 2015இல் அந்தப் படிவத்தில் எல்லா இடங்களும் கட்டாயமாக நிரப்பப்பட்டன. அன்று அந்த வரி சரி. நூற்றுக்கு நூறு சரி.

மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 17, சனி

துணி துவைத்தேன். பரணில் இருந்த தகரப் பெட்டியைத் தூசு தட்டி மறுபடியும் மேலே வைத்தேன். முப்பத்தொரு நாட்குறிப்புகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் சோபா, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் போயின. இடுப்பளவு தண்ணீரில் இந்தப் பெட்டியை மட்டும் தலையில் வைத்து இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன். ஒரு பக்கம்கூட நனையவில்லை. கல்யாண ஆல்பத்தை எடுங்கள் என்று வசுமதி படியில் நின்று கத்தினாள். ஒருவன் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் சுமக்க முடியும்.

இப்போதும் சில சமயம் அதைச் சொல்வாள். வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வாள்.

ஜூன் 19, திங்கள்

காலையிலிருந்து பேய்மழை. பாதிப் பேர் அலுவலகம் வரவில்லை. கண்ணாடி அறையில் மூன்று பேர்: வில்வநாதன், பெனிட்டா, நான்.

பெயரைச் சொன்னதும் வில்வநாதன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

“மங்கையா! அவ இப்ப எங்க இருக்கா தெரியுமா? அந்த லேப்காரங்ககிட்டயேதான். டெக்னிக்கல் மேனேஜர். நம்மளப் போட்டு வறுத்துக்கிட்டு இருக்கிறதே அவ டிபார்ட்மென்ட்தான்டா. உங்க ஆளு எழுதின வரிதான் உங்கள கடிச்சிருக்குன்னு ஒரு மெயில் போட்டா போதும். ஒப்பந்தத்த ரத்து பண்றேன்னு குதிக்கிறானுங்கல்ல, அப்படியே உக்காந்துருவானுங்க.”

“அந்த ஃபீல்டச் சேத்தது நான் சார்,” என்றாள் பெனிட்டா. “துடைச்ச இடம்தானான்னு நான் பாத்திருக்கணும்.”

“நீ சும்மா இரும்மா. சோமு, நீ சொல்லு. டெக்னிக்கலா தப்பு எந்த வரியில?”

“டெக்னிக்கலா அந்த வரியிலதான்.”

உண்மைதானே. டெக்னிக்கலாக என்பது வசதியான சொல்.

இப்போதைக்கு ‘குறிப்பு’ அனுப்புவதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணை முடிந்த பிறகுதான் வரியைத் திருத்த வேண்டும், அதுவரை யாரும் கோப்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

ஜூன் 20, செவ்வாய்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“சார், மங்கை பேசறேன்.”

“அடடே. எப்படிம்மா இருக்கே?”

“போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தேன் சார். உங்க கம்பெனி மெயில் வந்திருக்கு. என் பேர் போட்டு.”

“பிளேம்ல உன் பேர்தாம்மா வருது.”

“வரும் சார். நான்தானே கடைசியா டைப் பண்ணேன். முதல்ல நான் துடைச்சுத்தான் எடுத்திருந்தேன். நீங்க மாத்தச் சொன்னீங்க. மாத்தலைன்னா அப்ரூவ் பண்ண மாட்டேன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரும் கட்டத்தில், நடந்த விவாதங்களும் ஒப்புதலுக்கு முந்தைய வடிவங்களும் பழைய சர்வரில் இருந்தன. 2018இல் புதிய சர்வருக்கு மாறியபோது யாரும் அவற்றை எடுத்து வரவில்லை. எட்டு வருடம் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

“ஞாபகம் வரலைம்மா,” என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த நொடியில் வரவில்லை.

“உங்களுக்கா சார்? லிஃப்ட்டுல யார் உங்களுக்கு குட்மார்னிங் சொல்லலைன்னு தேதியோட சொல்லுவீங்களே.”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நான் விளக்கம் எழுதிக் குடுக்கணும். நோயாளி விவரத்தைக் கசிய விட்டவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் என்னை உள்ள விட மாட்டாங்க சார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ப்ளீஸ்.”

யோசிக்கிறேன் என்றேன்.

ஜூன் 21, புதன்

யோசிக்கவில்லை. கரண்ட் பில் கட்டினேன்.

ஜூன் 22, வியாழன்

தேனி கண்டக்டரைப் பற்றிப் பெனிட்டா இன்னும் கொஞ்சம் சொன்னாள். செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்த மூன்று நாளில் அந்த மனிதர் ஒரு காரியம் செய்திருக்கிறார். நடுச்சுவர்த் தகராறில் ஒன்பது வருடமாகப் பேசாமல் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

“வந்தது தப்பான வரி, நடந்தது நல்ல காரியம், இல்லையா சார்?”

“இப்ப?”

“இப்பவா? நோயே இல்லைன்னதும் அண்ணன், ‘நாடகம் போட்டு என்னை ஏமாத்திட்டான்’னு திரும்பப் பேச்ச நிறுத்திட்டாராம்.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாலை வில்வநாதன் என் இடத்துக்கே வந்தான். எட்டு வருடத்தில் முதல் தடவை.

“டேய், மங்கை அவங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. ‘சோமசேகரன் சார் டைரி எழுதுவாரு, அன்னைக்கு நடந்ததை எழுதாம இருக்க மாட்டாரு, அதைக் கேளுங்க’ன்னு. அவங்க எழுத்துல கேட்டிருக்காங்க. இருக்கா 2015?”

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மதியம் சாப்பிட்டபின் உட்கார்ந்து எழுதுவேன். ‘சித்ரகுப்தன்’ என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“வெள்ளத்துல போயிருச்சு,” என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “நல்லதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 24, சனி

பெட்டியை இறக்கினேன். வில்வநாதனைப் பற்றி 2015இல் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கத்தான். ஸ்லைடு விவகாரத்தின் சரியான தேதி தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 11 பக்கத்தை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

‘வில்வத்துக்குப் பதவி உயர்வு. லட்டு கொடுத்தான். ஒரு கடி கடித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவன் பார்க்கும்படி போட்டேன். மதியத்துக்கு மேல் மங்கையின் வேலை என் ஒப்புதலுக்கு வந்தது. படிவம் முழுவதையும் துடைத்து எடுத்திருக்கிறாள். எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். “ஏம்மா, வீட்ல கழுவி வெச்ச பாத்திரத்த எடுத்து மறுபடி மறுபடி கழுவிட்டே இருப்பியா?” என்று கேட்டேன். நன்றாகச் சிரித்தார்கள். “எல்லா இடத்தையும் நாம நிரப்பறோம், சரி சார். நாளைக்கு யாராவது புதுசா ஒரு ஃபீல்டு சேத்து, அதை நிரப்பாம விட்டா? பழைய ஆளோட விவரம் வெளிய போயிடுமே” என்றாள். “நாளைக்கு வர்றவனுக்காவது மூளை இருக்கும், கவலைப்படாதே” என்றேன். மறுபடி சிரிப்பு. மாற்றாவிட்டால் ஒப்புதல் கிடையாது என்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மாற்றினாள். அளந்து பார்த்தேன். மூன்று சதவீதம் வேகம் கூடியிருக்கிறது. என்னுடைய மூன்று சதவீதம். இன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம். வசுமதி ஏதோ ஸ்கேன் முடிவு வாங்கப் போவதாகக் காலையில் சொன்னாள். வந்து கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.’

பக்கம் அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம், ‘வசுமதி அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், கோயில் விசேஷமாம், நான்கு நாள் மெஸ் சாப்பாடு’ என்று இருக்கிறது.

மூன்று சதவீதம் என்னுடையது என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது இந்த வரிதான். வெள்ளிக்கிழமை அன்று மங்கையின் பெயரைத் திரையில் பார்த்தபோதே எனக்குத் தெரியும். போன வெள்ளி இல்லை, அதற்கு முந்தைய வெள்ளி. பதினாறாம் தேதி.

எழுதிவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு வசுமதிக்குப் போன் செய்தேன்.

“சாப்டியா?”

“இப்பத்தான். என்ன இந்த நேரத்துல?”

“அன்னைக்கு ஸ்கேன் முடிவு என்ன வந்துச்சு?”

“எந்த ஸ்கேன்?”

“ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. ஆகஸ்ட்.”

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“மார்ல கட்டி. பயப்படுற மாதிரி இல்லைன்னாங்க. எடுத்துட்டாங்க. அக்காதான் கூட இருந்தா.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“அன்னைக்கு நீங்க கதவைத் திறக்கும்போதே வில்வநாதன், வில்வநாதன்னுட்டே வந்தீங்க. படுக்கிற வரைக்கும் அதேதான். அடுத்த நாளும் அதேதான். எங்க சொல்றது? ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு ரசத்துல உப்பு இல்லைன்னீங்க. இப்ப எதுக்கு இதெல்லாம்?”

“சும்மாதான்.”

“சரி, வெச்சுடறேன்.”

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். முழங்காலில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஜூன் 26, திங்கள்

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். கிழித்த தாளை யார் வேண்டுமானாலும் நேற்று எழுதியிருக்கலாம். கொடுத்தால் முழுப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும். லட்டு, வசுமதி, எல்லாவற்றோடும்.

வில்வநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தான். லட்டு வந்த இடத்தில் உதடு லேசாகக் கோணியது. முடித்துவிட்டு மேஜை மேல் வைத்தான்.

“வெள்ளத்துல போனதா சொன்னே.”

“பொய் சொன்னேன்.”

“எனக்கும் தெரியும். உக்காரு.” கதவைச் சாத்தினான். “நீ என்னடா நெனச்சுட்டிருக்கே? அந்த மூணு பர்சன்ட் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஸ்லைடு போட்டவன் நான். வருஷா வருஷம் ஃபார்ம்ல எழுதிக் குடுத்தியே, ‘என்னுடையது, என்னுடையது’ன்னு, எட்டும் என் டிராயர்லதான் இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து அவங்ககிட்ட நீட்டினா போதும், உன் கதை முடிஞ்சுது. நீட்டினேனா?”

“நீட்டு.”

“எதுக்கு? உன் பேர் வந்தா அதுக்கு மேல என் பேர் வரும். பெருமையா ஸ்லைடு போட்டவன் யாருன்னு கேப்பான். அவ பேர் போனா இதோட முடிஞ்சுரும். பழைய ஆளு, வெளிய இருக்கா.” புத்தகத்தை என் பக்கம் தள்ளினான். “அன்னைக்கு உன் பேரைப் போடலைன்னு எட்டு வருஷம் என்னைச் சபிச்சே. இன்னைக்கும் போடலை. இந்தத் தடவை தேங்க்ஸ் சொல்லு.”

சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு எல்லோரையும் போல வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நுங்கம்பாக்கத்தில் பரிசோதனை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். விசாரணை அதிகாரி டாக்டர் செலின். அறுபதை ஒட்டிய வயது. என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

பக்கத்தைத் திறந்து வைத்தேன். விரலால் வரி வரியாகத் தொட்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து முன் அட்டையைத் திருப்பினார். பின் அட்டையைத் திருப்பினார். பக்கங்களைக் கட்டைவிரலால் ஒருமுறை விசிறிப் பார்த்தார்.

“வெள்ளத்துல போயிருச்சுன்னு உங்க கம்பெனி பதில் அனுப்பியிருந்தது.”

“ஆமாம்.”

“நல்லா காய்ஞ்சிருக்கே.”

புத்தகத்தை மறுபடி அந்தப் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

“அந்தப் பதில் வெள்ளிக்கிழமை காலையில வந்துச்சு. மங்கை மத்தியானம் ராஜினாமா குடுத்துட்டாங்க. நாங்க கேட்கலை. அவங்களாவேதான் குடுத்தாங்க. விளக்கம்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தாங்க. ‘வரியை டைப் செய்தது நான்தான்.’ அவ்வளவுதான்.”

“இதை வெச்சு அதைத் திருப்ப முடியாதா மேடம்?”

“ஃபைல்ல சேக்கறேன். ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன். அவங்களையும் கூப்பிட்டுப் பார்க்கறேன். வருவாங்கன்னு தோணலை.” எழுந்தவர் நின்றார். “அந்தப் பதில் வர்ற வரைக்கும் அவங்க ரொம்ப தைரியமா இருந்தாங்க. ‘அவர் கெட்ட மனுஷன் மேடம், ஆனா பொய்யா எழுத மாட்டாரு’ன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

ஜெராக்ஸ் வரும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் கைப்பேசியில் எதையோ திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வரவேண்டும் போல.

ஜூன் 28, புதன்

மங்கைக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மேலும் கீழும் வெட்டாமல், பாத்திரம் கழுவுவது, மூளை, எல்லாம் இருக்கும்படி. ‘ஞாபகம் இருந்தது’ என்று அடியில் எழுதினேன்.

இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூன் 29, வியாழன்

இன்றும் இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூன் 30, வெள்ளி

விசாரணை முடிந்துவிட்டதாம். ஒப்பந்தம் நீடிக்கிறது. டாக்டர் செலினின் கோப்பில் என் பக்கத்தின் நகல் எங்கோ இருக்கும். அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. வில்வநாதன் கூட்டத்தில் என்னைப் பார்க்கவே இல்லை. என் மேஜை செப்டம்பரிலிருந்து வேறு தளத்துக்கு மாறுகிறது என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. கணக்குப் பிரிவுக்குப் பக்கத்தில். அங்கே சர்வர் வேலை எதுவும் கிடையாது.

வரியைத் திருத்தச் சொன்னார்கள். நானே செய்கிறேன் என்றேன். ‘எடு’ என்பதோடு ஒரு சின்னச் சொல்லைச் சேர்க்க வேண்டும். இங்கிலீஷில் ஐந்து எழுத்துகள். ஒரு நிமிட வேலை.

மாற்றத்தோடு ஒரு செய்தியும் எழுத வேண்டும். ஏன் மாற்றினோம் என்று. கோப்பு இருக்கும் வரை அந்தச் செய்தியும் கூடவே இருக்கும். நான் எழுதினேன்: ‘இந்த வரியை முதலில் சரியாக எழுதியவர் மங்கையர்க்கரசி. எல்லோர் முன்னாலும் கேலி செய்து, ஒப்புதல் தரமாட்டேன் என்று மிரட்டி, அவரைத் தவறாக மாற்ற வைத்தவன் சோமசேகரன். புதிய இடம் சேர்த்தால் இப்படி ஆகும் என்று அவர் அன்றே சொன்னார்.’

பெனிட்டாவின் ஒப்புதலுக்குப் போயிற்று. எழுந்து என் இடத்துக்கு வந்தாள்.

“சார், இதை மெஷின் ஏத்துக்காது.”

“ஏன்?”

“செய்தி மொத்தமும் அம்பது எழுத்துக்குள்ள இருக்கணும் சார். நீங்க போட்ட ரூல்தான் அது.”

உண்மைதான். 2014இல் நான்தான் போட்டேன். வளவளவென்று எழுதுகிறார்கள் என்று.

சுருக்கினேன். முதலில் கேலி போயிற்று. அப்புறம் மிரட்டல். அப்புறம் என் பெயர். என் பெயர் நீளம். கடைசியில் நின்றது இதுதான்: ‘மங்கையின் பழைய வரி திரும்புகிறது. அவர் சொன்னது சரி.’ அதை இங்கிலீஷில் எழுதினால் நாற்பத்தாறு எழுத்து. மெஷின் ஏற்றுக்கொண்டது. பெனிட்டா ஒன்றும் கேட்காமல் ஒப்புதல் கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முன் பிளேம் போட்டுப் பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால் மங்கை எழுதி, முகம் கழுவிக்கொண்டு வந்து தன் கையாலேயே அழித்த அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை. தவறாக இருந்தவரை அவள் பெயரில் இருந்தது. இப்போது சரியாக இருக்கிறது. பக்கத்தில், சோமசேகரன், 30 ஜூன் 2023.

அந்த வரியில் என் பெயர் வேண்டும் என்றுதான் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருக்கிறது.